கண்ணாடிக் காம்பு

அந்த வாரம் முழுக்க ஹெர்டிஸ் தன் கணவனின் முகத்தைவிடப் பின்புறத்தைத்தான் அதிகம் பார்த்திருந்தாள். இப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பனி உருகி வழிகிற சரிவில், கணுக்கால் புதைகிற சேற்றில், நீல நிற மழைக் கால்சட்டை மாட்டிய அந்தப் பெரிய பின்புறம் வானத்தைப் பார்த்தபடி மெல்ல மெல்ல நகர்ந்தது. தலை முன்னால் எங்கோ பாசிக்குள் கிடந்தது. ஒட்வாருக்கு அறுபது நெருங்குகிறது. ஹாமர் ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊரில் இருக்கும்போது இஸ்திரி போடாத சட்டையோடு குப்பை கொட்டக்கூட வெளியே போகமாட்டான். ஜூலை பிறந்து டோவ்ரே மலைக்கு வந்துவிட்டால் போதும், மனிதன் பன்றிக்குட்டி ஆகிவிடுவான். காலையில் ஒரு பாறையருகே குனிவான், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அதே பாறைக்குப் பின்னாலிருந்து பதில் வரும். மலையேற வருகிறவர்கள் நின்று, "மோதிரம் எதாவது தொலஞ்சுபோச்சா?" என்று ஹெர்டிஸிடம் அக்கறையாகக் கேட்பார்கள். "இல்லைங்க, புத்தி தொலஞ்சுபோச்சு. பதினெட்டு வருஷமா தேடிக்கிட்டிருக்கான்," என்பாள் அவள். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நடையைக் கட்டுவார்கள்.

பதினெட்டு வருஷம் என்பது மிகையில்லை. மகள் சில்யே பல் விழுந்த வாயோடு திரிந்த கோடையில் ஒட்வார் பாசிச் சங்கத்தில் சேர்ந்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு வாரம், சங்கத்துக்காரர்கள் பத்துப் பேரோடு இந்த மலைக் குடில். மற்றவர்கள் எது கிடைத்தாலும் சந்தோஷப்படுகிறவர்கள். ஒட்வாருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அப்ளோடான் என்று அதற்குப் பெயர். குளிர் தேசத்துச் சேற்றில், அதுவும் சும்மா சேற்றில் இல்லை, செத்த மிருகத்தின் எலும்பிலும் பழைய சாணத்திலும் மட்டும் வளர்கிற பாசி. விரல் நுனி உயரம்கூட வராது. சங்கத்தில் ஒருவரும் இந்தப் பக்கத்தில் அதைப் பார்த்ததில்லை. அதே இடங்களில், அதே மாதிரி எலும்பில் வளர்கிற இன்னொரு பாசி உண்டு. அதற்கு உறுதியான சிவப்புக் காம்பு. எங்கே குனிந்தாலும் அதுதான் முதலில் கையில் சிக்கும் என்பதால் சங்கத்தில் எல்லோரும் அதைச் 'சிவப்பன்' என்று வீட்டு நாயைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார்கள். ஒட்வார் எலும்பைக் கண்டு ஓடுவான், குப்புறப் படுப்பான், சிறிது நேரம் கழித்து, "சிவப்பன்," என்பான். பதினெட்டு வருஷமாக ஹெர்டிஸ் கேட்டுவருகிற ஒரே வார்த்தை அது. ஊரில் அவளுடைய முடிதிருத்தும் கடைக்கு வருகிற பெண்கள், விடுமுறையில் ஸ்பெயின் கடற்கரையில் கணவனோடு கைகோத்து நடந்த கதையைச் சொல்வார்கள். அவள் கதை, கணவனோடு எலும்புக்கூடு தேடி நடந்த கதை. அதை யாரிடம் சொல்ல?

போன கிறிஸ்துமஸுக்கு அவள் பொறுமை தீர்ந்துவிட்டது. "எனக்கு வெதுவெதுப்பான கடல் வேணும், ஒட்வார். கால வெச்சா உயிர் போகாத தண்ணி. அவ்வளவுதான் கேக்குறேன்," என்றாள். இரண்டு கோப்பை அக்வவிட் சாராயம் உள்ளே போயிருந்த தைரியத்தில் ஒட்வார் மேசையைத் தட்டிப் பந்தயம் கட்டினான். வருகிற ஜூலையில் அவன் அப்ளோடானைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த ஐந்து கோடைக்கு ஹெர்டிஸ் முணுமுணுக்காமல் மலைக்கு வர வேண்டும். கண்டுபிடிக்கவில்லையென்றால் பாசி வாரத்துக்கு முழுக்கு, அடுத்த ஜூலையில் கிரீட் தீவு, அதற்கப்புறமும் எந்த ஊர் என்று அவள் சொல்வதுதான் சட்டம். சில்யே இருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவைத்துச் சாட்சியானாள். அவள் வாய் சும்மா இருக்குமா, புத்தாண்டுக்குள் சங்கம் முழுக்கச் செய்தி போய்விட்டது.

இன்று வாரத்தின் கடைசி நாள். ஆறு நாளாகப் பெய்த மழை காலையில்தான் விட்டிருந்தது. வெயில் சரிவில் வழிந்தது. எதிர்மலையில் மூன்று கஸ்தூரி எருதுகள் பழுப்புப் பாறைகள்போல அசையாமல் கிடந்தன. ஹெர்டிஸ் ரப்பர் விரிப்பை ஒரு கல்மேல் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டாள். மடியில் ஒரு வாஃபில், அதன்மேல் பழுப்புச் சீஸ். சும்மா சொல்லக்கூடாது, மனசு ரொம்பக் குளிர்ந்திருந்தது. இன்னும் ஒரு மத்தியானம். அப்புறம் குடில், அப்புறம் கார், அப்புறம் கிரீட். பாவம் ஒட்வார் என்று ஒரு பக்கம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பாவம் என்று நினைத்துக்கொண்டே வாஃபிலை ருசித்துச் சாப்பிட அவளால் முடிந்தது.

ஈக்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்தன. வெயில் வந்ததும் வந்துவிட்டன. ஹெர்டிஸ் கையை வீசி விரட்டினாள். வாஃபிலைச் சுற்றின, சீஸில் உட்கார்ந்தன, பிறகு ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போயின. பழுப்புச் சீஸை விட்டுவிட்டு ஈ போகுமா? எந்த ஈக்கு அவ்வளவு கொழுப்பு? அவளுக்கு உண்மையிலேயே ரோஷம் வந்தது. வாஃபிலைக் கையில் பிடித்தபடி அவை எங்கே போகின்றன என்று எழுந்து பார்த்தாள். கல்லுக்குப் பின்னால் தண்ணீர் கசிந்து ஓடுகிற பள்ளம். அதில் ஒரு துருவமானின் எலும்புகள் பல வருஷத்து மழையில் நைந்து, பாதி மண்ணாகிக் கிடந்தன. இடுப்பெலும்பின் குழிவில் உள்ளங்கையகலப் பச்சைக் கொத்து. அதன் அழுகல் வாடைக்கு ஈக்கள் அதன்மேல்தான் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன.

தொழில் புத்தி யாரை விட்டது? யார் தலையைப் பார்த்தாலும் ஹெர்டிஸின் கண் முதலில் வேர்க்காலுக்குத்தான் போகும். சாயம் எங்கே முடிகிறது, சொந்த நிறம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கும். அந்தக் கொத்தையும் அப்படித்தான் பார்த்தாள். ஓரமெல்லாம் சிவப்புக் காம்பு. நமக்குத் தெரிந்த ஆள்தான். ஆனால் நடுவில் இருந்த காம்புகள் சிவப்பாக இல்லை. வெளுத்து, மெலிந்து, வெயில் ஊடுருவிப்போகிற மாதிரி கண்ணாடியாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மிளகைவிடச் சின்னதாக ஒரு பழுப்புக் குமிழ். காற்று வந்தபோது சிவப்புக் காம்புகள் விறைப்பாக நின்றன, கண்ணாடிக் காம்புகள் துவண்டு நிமிர்ந்தன. ஹெர்டிஸ் குனிந்தாள். இலை நுனி ஊசியாக நீளவில்லை, அகலமாக வந்து சட்டென்று முடிந்தது. வாயிலிருந்த வாஃபில் மெல்லப்படாமல் அப்படியே நின்றது.

அட கடவுளே, என்று நினைத்தாள். அப்ளோடான் போயும் போயும் என் கண்ணிலா படணும்!

சரிவில் பின்புறம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அவள் யோசிக்கக்கூட இல்லை. கை தானாகப் போய் முதுகுப்பையை எடுத்துவந்து எலும்புக்கு முன்னால் சாய்த்து வைத்தது. ரப்பர் விரிப்பையும் அங்கேயே போட்டு, பைக்கு முன்னால் தானும் உட்கார்ந்துகொண்டாள். திருட்டுத்தனம் பழக்கமில்லாதவளுக்கு அதிலும் ஒரு குஷி வந்து தொலைத்தது. ஐந்து கோடை! ஐந்து கோடை ஈரக் காலுறையோடு, முணுமுணுக்காமல்! முணுமுணுக்காமல் இருப்பது ஈரக் காலுறையைவிடக் கொடுமை. அவள் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லையே. சும்மா உட்கார்ந்திருக்கிறாள். மலையில் ஒரு பெண் உட்காரக்கூடாதா?

ஒட்வார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேறு சொட்டச்சொட்ட அவளை நோக்கி வந்தான். முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினாள். மூக்கில் மண் இருந்தது, வேறொன்றும் இல்லை.

"காலிமேரா," என்றான்.

"என்னது?"

"கிரேக்க பாஷைல காலை வணக்கம். லிஃப்ட்டுக்குள்ள நின்னு சொல்லிச் சொல்லிப் பழகினேன். கூட வர்றவங்க பயந்துபோய் அடுத்த மாடியிலயே எறங்கிடுறாங்க." மூச்சு வாங்கியபடி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மீதம் வைத்திருந்த வாஃபிலை எடுத்துக் கடித்தான். "வீடு எடுக்குறதுக்கும் பாத்து வெச்சிருக்கேன். வாசல்லேந்து கடலுக்குச் செருப்புகூட வேணாம். அவ்வளவு கிட்ட."

"இன்னும் நாள் முடியல. அதுக்குள்ள தோத்துட்டியா?"

"தோக்குறதுன்னா ஒழுங்காத் தோக்கணும்ல. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா வர முடியும் உன்கூட?" ஒட்வார் எதிர்மலையைப் பார்த்தான். "பதினெட்டு வருஷம் ஈர விரிப்புல உக்காந்திருக்க, ஹெர்டிஸ். ஒரு தடவ உன் முதுகு சூடாகட்டும். எனக்கு நெஜமாவே ஆசையா இருக்கு."

அவன் வருந்தியிருந்தால் அவள் தாக்குப்பிடித்திருப்பாள். கெஞ்சியிருந்தால் ஜெயித்திருப்பாள். இப்படி வாயில் வாஃபிலோடு, மூக்கில் மண்ணோடு, அவளுக்காகச் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"எந்திரி," என்றாள்.

"இப்பதான உக்காந்தேன்."

"எந்திரின்னா எந்திரி. அந்தப் பைய நகத்து. பின்னால பாரு."

ஒட்வார் பையை நகர்த்தினான். எலும்பைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் முழங்கால் மடிந்தது. ஆனால் காலையிலிருந்து ஏறி இறங்கிய கால், முழுக்கக் குப்புறப் படுக்க மறுத்தது. கையை நீட்டிக் கொத்தின் ஓரத்திலிருந்து ஒன்றைக் கிள்ளி, கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தான்.

"சிவப்பன்," என்றான் ஒட்வார். கிள்ளியதைப் பொறுப்பாகத் திரும்ப எலும்பிலேயே சொருகி வைத்தான். "நல்லா வளந்திருக்கான் பய. வா, காத்து திரும்பிடுச்சு, உனக்குக் குளிரும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டான். ஹெர்டிஸ் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். காட்டியாகிவிட்டது, அவன் பார்த்தாகிவிட்டது, இல்லை என்று அவன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இனி எந்தச் சாமியும் அவளைக் கேள்வி கேட்க முடியாது. கிரீட்டைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். முன்னால் ஒட்வார் நொண்டிக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை விசிலடித்தான். அந்த விசில் ஒரு ஓடையைத் தாண்டும்வரைக்கும்தான் அவளால் பொறுக்க முடிந்தது.

"ஒட்வார்! ஓரத்துல கிள்ளினா ஓரத்துல இருக்குறதுதான்டா வரும்! நடுவுல பாருடா மடையா!"

அவள் கத்திய கத்தலில் எதிர்மலையில் ஒரு எருது எழுந்து நின்றது. ஒட்வார் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் காலில் நின்றான்.

"என்ன சொன்ன?"

"ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி வளந்திருக்கு! வெளியில சிவப்பன், உள்ள வேற ஆளு. காம்பு வெள்ளையா, கண்ணாடி மாதிரி, தொட்டா ஒடிஞ்சிடும்போல இருக்கு. இலைக்கு ஊசி நுனி இல்ல. நாலு வருஷம் முன்னாடி நீ ஒருத்தன அதுக்குத்தான் திட்டின, 'கலந்து வளந்ததப் பிரிக்காம பேரு வெக்கிறான் முட்டாப்பய'ன்னு. இப்ப நீ என்ன பண்ணின?"

ஒட்வார் இன்னும் அந்தக் காலை இறக்கவில்லை. "உனக்கு யாரு இதெல்லாம் சொன்னா?"

"நீதான்! வேற யாரு? ரொட்டி திங்கும்போது, கார் ஓட்டும்போது, நான் குளிக்கும்போது கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு..."

"நீ கேக்கலைன்னுல்ல நெனச்சேன்."

"கேக்காத மாதிரி இருந்தேன். அது வேற, இது வேற."

அவன் ஓடைக்குள்ளேயே காலை வைத்துத் திரும்பி ஓடிவந்தான். வலித்த முழங்கால் எங்கே போனதோ! எலும்புக்கு முன்னால் தொப்பென்று விழுந்தான். லென்ஸ் கண்ணுக்கும், கண் பாசிக்கும் போயிற்று. ஒவ்வொரு காம்பாக விலக்கிப் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய முதுகு குலுங்க ஆரம்பித்தது. மாரடைப்போ என்று ஹெர்டிஸ் பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஒட்வார் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தான். சேற்றில் இரண்டு கோடாகக் கண்ணீர் இறங்கியது. "ஹெர்டிஸ்... ஹெர்டிஸ்..." என்றான். அவளை இழுத்துச் சேற்றிலேயே கட்டிக்கொண்டான். அவளுடைய சுத்தமான உல்லன் சட்டை நாசமாகப் போனது. அதற்காகத் திட்டவும் அவள் மறந்துபோனாள். கல்யாணமான புதிதில்கூட இவன் இப்படிப் பிடித்ததில்லையே என்று நினைத்தபோது அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டு யாருக்கு என்ன ஆயிற்றோ என்று மற்றவர்கள் சரிவில் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் யோருன். அருங்காட்சியகத்தில் பாசிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். ஆள் பனைமரம்போல நெட்டை, பேச்சு அதைவிட விறைப்பு. சங்கத்தில் அவள் தலையாட்டாமல் எதற்கும் பெயர் கிடையாது. அவளும் குனிந்து பார்த்தாள். முகம் ஒன்றும் சொல்லவில்லை. "மேசைக்கு வரட்டும்," என்றாள். நகத்தளவு எடுத்துக் காகிதத்தை மடித்து உள்ளே வைத்தாள். அதற்குமேல் ஒரு இழைகூட எடுக்க யாரையும் விடவில்லை. ஒட்வார் அந்தப் பொட்டலத்தைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிவருகிறவன்போலக் கீழே இறங்கினான்.

குடிலின் சமையல் மேசையில் ஒரு பக்கம் உருளைக்கிழங்கும் காய்ந்த ஆட்டிறைச்சியும், மறுபக்கம் மைக்ராஸ்கோப்புகளும் இருந்தன. ஜன்னலில் சாயங்கால வெயில் அடித்தது. எல்லோரும் ஈரக் கம்பளி உள்சட்டையோடு சுற்றி நெருக்கி நின்றார்கள். யோருன் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சாஸரில் தண்ணீர் ஊற்றி, கொத்தை மிதக்கவிட்டாள். இடுக்கியால் ஒரு இலையைப் பிய்த்துக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தாள். திருகாணியைத் திருகினாள். மறுபடி பார்த்தாள்.

"நீள ஊசி நுனி," என்றாள். "சிவப்பன், ஒட்வார். மன்னிச்சுக்கோ."

ஒட்வார் தலையை ஆட்டினான். சிரிக்க முயன்றான், உதடு ஒத்துழைக்கவில்லை. "அதனால என்ன," என்றான். "அதனால என்ன." ஹெர்டிஸால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த ஒரு நாளில் எத்தனை முறைதான் கிரீட்டை அவள் மடியில் கொண்டுவந்து போடுவார்கள்! எரிச்சலாக இருந்தது.

"அது யாரோட இலை?" என்றாள்.

யோருன் நிமிர்ந்தாள். "என்னடி கேக்குற?"

"எந்தக் காம்போட இலைன்னு கேக்குறேன். நீ கொத்துலேந்து கைக்கு வந்தத எடுத்த. உள்ள ரெண்டு பேரு இருக்காங்க. வெள்ளக் காம்பப் புடிச்சு அடி வரைக்கும் இறங்கி, அதுக்குன்னு இருக்குற இலைய எடு. அப்புறம் மன்னிப்புக் கேளு."

பாசிச் சங்கத்தில் யோருனிடம் இப்படி யாரும் பேசினதில்லை. யாரோ பின்னால் இருமினார்கள். யோருன் சாஸரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "சடையா பின்னிக் கெடக்குதுடி. இழுத்தா அறுந்துடும். என் கைக்கு வராது."

"சடைதானே? தள்ளு."

ஹெர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பது வருஷமாகச் சிக்கெடுக்கிற கை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையில் ஒட்டிக்கொண்டுவரும் சூயிங்கத்தை ஒரு முடி அறாமல் எடுக்கிற கை. இரண்டு ஊசிகளை வாங்கி, கொத்தைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, மேலிருந்து இழுக்காமல் அடியிலிருந்து ஒவ்வொரு இழையாகத் தளர்த்திக்கொண்டே வந்தாள். சிவப்புக் காம்பு ஒன்று கழன்றது. ஓரம் தள்ளினாள். இன்னொன்று. ஒட்வார் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் எட்டி எட்டிப் பார்த்ததில் நாற்காலி ஆடியது. "கைய எடு," என்று அதட்டினாள். எடுத்துவிட்டான். கடைசியில் ஒரே ஒரு கண்ணாடிக் காம்பு, வேர் மயிரிலிருந்து உச்சிக் குமிழ் வரைக்கும் முழுசாக, தன் சொந்த இலைகளோடு தனியாகத் தண்ணீரில் மிதந்தது. அதிலிருந்து ஒரு இலையை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தாள்.

யோருன் குனிந்தாள். இந்த முறை மிக நீண்ட நேரம் பார்த்தாள். பெரிய விளக்கைப் போட்டுப் பார்த்தாள், அணைத்துப் பார்த்தாள். குமிழை எடுத்து அதன் வாயைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எப்போதும்போல விறைப்பாகக் கேட்டாள்.

"கேக் யாரு செய்யறது?"

அந்தச் சங்கத்தில் இதைவிடப் பெரிய தீர்ப்பு கிடையாது. மலையில் புதிதாக ஒன்றைக் கண்டெடுக்கிறவர் அன்றைக்கே எல்லோருக்கும் பாதாம் கேக் செய்துபோட வேண்டும். கடைசியாக அங்கே கேக் வெந்து பல வருஷம் ஆகியிருந்தது. குடில் இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல் எழுந்தது. மேசையைத் தட்டினார்கள், தரையைத் தட்டினார்கள். உருளைக்கிழங்குகள் உருண்டு அடுப்புக்கு அடியில் போயின. இதுவரை யாரையும் தொட்டுப் பேசாத யோருன், ஒட்வாரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள்.

"சரி, பொட்டலத்து மேல எழுதணும். கண்டெடுத்தது யாரு? ஒட்வார்தானே?" என்று பேனாவைத் திறந்தாள்.

"ஹெர்டிஸ்!" என்று ஒட்வார் கத்தினான். "நான் அதக் கையில வெச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்ன கழுத. எழுது, கொட்டை எழுத்துல எழுது, ஹெர்டிஸ்!"

"அப்ப நீ கண்டுபிடிக்கல," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "பந்தயம் போச்சே, ஒட்வார்!"

ஒரு கணம் எல்லோரும் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கண்டெடுத்தது ஹெர்டிஸ். அப்படியென்றால் ஒட்வார் கண்டுபிடிக்கவில்லை. அப்படியென்றால் ஜெயித்தது ஹெர்டிஸ். ஒட்வார் இரண்டு கையையும் தூக்கினான். "தோத்துட்டேன்!" என்றான். "பதினெட்டு வருஷம் தேடி, கிடைச்சு, தோத்துட்டேன்!" எந்தப் பந்தயத்தில் ஜெயித்தவனும் அப்படி ஒரு சத்தம் போட்டிருக்கமாட்டான்.

கேக் செய்ய வேண்டியவள் ஹெர்டிஸ்தான். முட்டையை எடுத்துவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்கள். அவள் யோருன் காலிசெய்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்தாள். பதினெட்டு வருஷத்தில் அதற்குள் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எத்தனையோ முறை ஒட்வார் கூப்பிட்டிருக்கிறான். உன் பாசியை நீயே பார் என்று போய்விடுவாள். இது வேறு. இதை அவள் கையால் சிக்கெடுத்திருக்கிறாள். பொட்டலத்தின்மேல் இருப்பது அவள் பெயர். இலை முழுக்கப் பெரிய பெரிய கண்ணறைகள், ஒவ்வொன்றிலும் பச்சை மணிகள், அவற்றினூடே ஜன்னல் வெயில்.

"வர்றேன், வர்றேன்," என்றாள். வரவில்லை.

ஒட்வார் தலையில் அடித்துக்கொண்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அவனே முட்டையை உடைத்து அடிக்க ஆரம்பித்தான். எத்தனை முட்டை என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். "ஹெர்டிஸ்! கிரீட்டுக்கு டிக்கெட் சீக்கிரம் போட்டுடணும். அடுத்த ஜூலைக்கு இப்பவே விலை ஏறுதாம்," என்றான் அடுப்படியிலிருந்து.

"மே மாசத்துக்குப் போடு," என்றாள் ஹெர்டிஸ், கண்ணை எடுக்காமல்.

"மே மாசம் தண்ணி அவ்வளவு சூடா இருக்காதே. ஜூலைலதான்..."

"ஜூலைல எப்படிப் போறது?"

முட்டை அடிக்கிற சத்தம் நின்றது. ஒட்வார் கையில் கரண்டியோடு திரும்பினான். அடித்த முட்டை ஏப்ரனில் சொட்டியது. யோருன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒட்வார் இரண்டடி எடுத்துவைத்து அருகே வந்தான்.

"மேசைய ஆட்டாத," என்றாள் ஹெர்டிஸ்.

இலையின் அடியிலிருந்து, பாசிக்குள் குடியிருந்த என்னவோ ஒரு குட்டி ஜீவன் ஏறி வந்துகொண்டிருந்தது. கண்ணாடிபோன்ற உடம்பு, குண்டுக் கரடிக்குட்டிபோல நடை, இரண்டு பக்கமும் நான்கு நான்கு குட்டைக் கால்கள், ஒவ்வொரு கால் நுனியிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நகங்கள். அது ஒரு பச்சை அறையின் விளிம்பைப் பற்றி, வழுக்கி, மறுபடி பற்றி ஏறியது. உச்சியில் நின்று, அடுத்த அறைக்கு எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாததுபோல, முன்னங்கால்களை வெளிச்சத்தில் ஆட்டிக்கொண்டிருந்தது.